ஷெரிப் கடித்த போத்தல்

அக்காவின் வெள்ளவத்தை வீட்டு முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்குள், ஓர் உடைந்த போத்தல் கழுத்து இருக்கிறது. கபில நிறப் பியர் போத்தல். கையால் பிடிக்கிற பக்கம் முழுசாக இருக்கும், மற்றப் பக்கம் பல்லுப் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் குழந்தை யேசு சுரூபம், வலப்பக்கம் அத்தானுக்குக் கிடைத்த கேடயங்கள், நடுவில் இது. போன மாதம் அத்தானின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள், பெட்டிக்குள் கிடந்தவருக்குப் பக்கத்தில் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டு நேரே இந்த அலுமாரியடிக்குத்தான் வந்தார்கள். கைபேசியை நீட்டி நீட்டிப் படம் எடுத்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு கிழவர், "இதுதான் ஷெரிப் கடிச்ச போத்தல்" என்று தன் மருமகனுக்குக் காட்டினார். மருமகன் சிரித்தான். கிழவருக்குக் கோபம் வந்து என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். உண்மைதான், நான் பக்கத்தில் நின்றவன் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அத்தான் என் ஒரே அக்காவின் கணவர். பகலில் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிற வேலை. பின்னேரமானால் கௌபோய். சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி பக்கத்து வேதக்கோவில் திருநாட்களில் ஷெரிப் சாம்சன் வராமல் கொடி இறங்காது. எங்கள் நாடக மன்றம் நாட்டுக்கூத்தும் போட்டது, யேசுவின் பாடுகளைச் சொல்லுகிற பாஸ்கா நாடகமும் போட்டது. அதற்கெல்லாம் வந்த சனத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். கௌபோய் நாடகம் என்றால் மதிலில் ஏறியிருந்தும் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அதே வெள்ளைத் தொப்பி, அதே தோல் பெல்ட், அதே நட்சத்திரம். கதை மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஒரு வருடம் வங்கிக் கொள்ளை, இன்னொரு வருடம் ரயில் கொள்ளை. வில்லன் மாறவில்லை. அந்தக் கறுப்புத் தொப்பிக்காரன் நான். எனக்கு நாடகத்தில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. வந்து, கெட்டது செய்து, அடி வாங்கி, கடைசியில் சூடு வாங்கிச் சாவதுதான் என் வேலை. இத்தனை தரம் ஒரே ஆளின் கையால் செத்தவன் இலங்கையில் வேறு எவனும் இருக்கமாட்டான்.

அத்தானுக்குப் பொய்யாக அடிக்கத் தெரியாது. தெரியாது என்பதைவிட விருப்பமில்லை என்பதுதான் சரி. கடைசி வரிசையில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறவனுக்கும் அடி விழுந்த சத்தம் கேட்கவேண்டும் என்பார். கன்னத்துக்குப் பக்கத்தில் கையை வீசி, நான் தொடையில் தட்டிச் சத்தம் எழுப்புகிற வழி ஒன்று இருந்தது. மன்றத்து மாஸ்டர் அதை எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கினார். ஒத்திகையில் அப்படித்தான் செய்வார். மேடை ஏறினால் நேரே முகத்தில் விழும். திருநாள் முடிந்து ஒரு வாரம் நான் ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுவேன். நான் வேலை செய்த கந்தோரில் கேட்பவர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிவேன், ஷெரிப் அடித்தது என்று. அப்போது எனக்கு இளவயது, வீக்கம்கூட ஒரு விருது. அடிக்கத் தொடங்குமுன் அவர் தொப்பியைச் சற்று உயர்த்தி ஒரு வசனம் சொல்லுவார்: "நல்லவன் முதல்ல கை வைக்கமாட்டான்." அவர் பாதி சொல்ல மைதானம் மீதியைச் சொல்லும். திருநாள் முடிந்து மாதக் கணக்காகியும் சந்தைக்குள் மீன் பேரம் பேசுகிறவர்கள்கூட அந்த வசனத்தை எடுத்து விடுவார்கள்.

நாடகத்தின் உயிர் சாராயக்கடைக் காட்சி. ஷெரிப் தனியாக வந்து, பீப்பாய்களின்மேல் பலகை போட்டுச் செய்த கவுண்டரில் முழங்கையை ஊன்றி, சனத்தைப் பார்த்து நிற்பார். நான் பின்னால் பூனை நடை நடந்து வந்து மேசையில் இருக்கிற போத்தலைக் கழுத்தில் பிடித்து ஓங்குவேன். சனம் தொண்டை கிழியக் கத்தும். "ஷெரிப், பின்னால! பின்னால பாருங்கோ!" அவர் திரும்பமாட்டார். சிரிப்பார். போத்தல் அவர் தலையில் தூள் தூளாகப் போகும். அவர் ஒன்றும் நடக்காத மாதிரித் தோளைத் தட்டிவிட்டு, தொப்பி விளிம்பில் கிடக்கிற ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கறக் கறக் என்று கடித்துத் தின்பார். அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில் எழும் கைதட்டலை நான் வேறு எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஷெரிப் கண்ணாடி தின்பார் என்று சத்தியம் பண்ணுகிற வளர்ந்த ஆம்பிளைகள் அப்போது அக்கா கொட்டாஞ்சேனையில் குடியிருந்த ஒழுங்கையிலேயே இருந்தார்கள்.

அது சீனிப் போத்தல். செய்வது அக்கா. கோவில் சுரூபங்களுக்குக் கையும் விரலும் ஒட்டித் திருத்துகிற ஒருவர், ஒரு பியர் போத்தலை வைத்துச் சாந்தில் இரண்டு பாதி அச்சு எடுத்துக் கொடுத்திருந்தார். நாடகத்தன்று காலையில் அக்கா சீனியைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சுவாள். நிறம் கபிலமாகி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் டக்கென்று உடைகிற பதம் வரவேண்டும். அச்சுக்குள் எண்ணெய் தடவி, பாகை ஊற்றி, சுழற்றிச் சுழற்றி ஓரமெல்லாம் ஒட்டவைத்து மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவாள். கொழும்புப் புழுக்கத்தில் சீனிப் போத்தல் அரை நாள்கூடத் தாங்காது. கசியும், எறும்பு வரும். அதனால் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் இருந்து, காட்சிக்குச் சற்று முன்னால் அவளே கொண்டுவந்து மேசையில் வைப்பாள். வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது என்பது மன்றத்தின் சட்டம். அச்செடுத்த அசல் போத்தல் குசினித் தட்டில் எப்போதும் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது சீனி, எது கண்ணாடி என்று எனக்கே தெரியாது. கையில் எடுத்தால் தெரியும். சீனி பாரமில்லை, விரலில் ஒட்டும். அடித்த பிறகு நான் மேடையில் விரலை நக்குவதைப் பார்த்துச் சனம் வில்லன் குடிவெறியில் நிற்கிறான் என்று நினைக்கும்.

இனி எண்பத்துமூன்றின் அந்த யூலை. கொழும்பில் எங்கள் தமிழ்ச் சனத்தை வீடு வீடாகத் தேடி அடித்து எரித்த கலவரம். என் அறைக்கு வெளியே புகை எழும்பியதும் நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஒழுங்கையில் இருந்த பத்துக் குடும்பமும் அந்தச் சின்ன வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. அத்தான் கதவை வெளியால் பூட்டிவிட்டு ஒழுங்கை வாசலில் நின்றார், கையில் துறைமுகத்து இரும்புக் கொக்கி. கூட்டம் வந்தது. முதலில் உள்ளே கால் வைத்தவனின் தோளில் கொக்கி இறங்கியது. அவன் அலறிய அலறலை நாங்கள் யன்னல் நீக்கலால் கேட்டோம். இரண்டாவது ஆளின் கையிலிருந்த பொல்லைப் பறித்து அதாலேயே அவன் முழங்காலை உடைத்தார். கூட்டத்துக்குள் ஒருவன் அவரை அடையாளம் கண்டு, "ஷெரிப் அய்யா நேத?" என்று சிங்களத்தில் கேட்டான், ஷெரிப் அண்ணன்தானே என்று. நாடகம் பார்த்தவன். என்ன நினைத்தார்களோ, காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வேறு ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்த எல்லோரும், நான் உட்பட, அந்த மனிதனால்தான் உயிரோடு இருக்கிறோம். இதை நான் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் சனம் கோவிலுக்குப் பாதுகாப்புத் தேடிப் போனபின் வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அத்தான் கையிலிருந்த இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். யன்னலைத் திறக்கவேண்டாம் என்று சொன்னேனே, ஏன் திறந்து பார்த்தாய் என்று அக்காவைக் கேட்டார். உங்களுக்கு என்ன நடக்குதோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன் என்றாள். அவர் அடித்தார். மேடையில் என்னை அடிக்கிற அதே கை, அதே வீச்சு. அக்கா சுவரில் போய் மோதித் தரையில் இருந்துவிட்டாள். நான் குறுக்கே போனேன், என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு இன்னொரு தரம் அடித்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரிப் பாயை விரித்துப் படுத்து நித்திரையானார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது புதுசில்லை தம்பி, நீ பாத்ததுதான் புதுசு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். கேட்டால், ஒழுங்கை முழுக்க அந்தச் சத்தம் தெரிந்திருந்தது. மேசை புரளும், அடி விழும், ஒரு பெண் குரல் கத்தும். ஷெரிப் வீட்டில் ஒத்திகை நடக்கிறது என்று சொல்லுவார்கள். திருநாள் கிட்டுகிறது போல, இந்த முறை கதை நல்லாக இருக்கும் போல என்று யன்னலுக்கு வெளியே நின்று கதைப்பார்கள். உண்மையான ஒத்திகையும் அந்த வீட்டில்தானே நடந்தது, என் கத்தலும் அங்கேதானே கேட்டது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருநாள் நான் வேலை முடிந்து வருகிறேன், வீட்டு வாசலில் சின்னக் கூட்டம். உள்ளே தடாலென்று ஏதோ விழுந்து சத்தம் அடங்கியதும் அவ்வளவு பேரும் கை தட்டினார்கள். ஒருவன் விசில் அடித்தான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் அக்கா தரையில் கிடக்கிறாள், மூக்கால் இரத்தம். வெளியே இன்னும் கை தட்டுகிறார்கள்.

அன்று நான் அத்தானை வெளியே இழுத்தேன். வில்லன் நான், எனக்கென்ன, முதலில் கை வைத்ததும் நான்தான். வயிற்றில் ஒன்று விட்டேன், காதோடு ஒன்று விட்டேன். இரண்டாவது அடிக்கு அவர் சிரித்தார். பிறகு பாரந்தூக்கி இழுக்கிற அந்தக் கையால் என் தாடையில் இறக்கினார். கடைவாய்ப் பல் ஒன்று அங்கேயே விழுந்தது. கீழே விழுந்த என்னை விலாவில் உதைத்தார். சுற்றி நின்ற சனம் என்ன செய்தது தெரியுமா? "ஷெரிப்! ஷெரிப்!" என்று ஆர்ப்பரித்தது. நான் வாயிலிருந்து இரத்தத்தைத் துப்பிக்கொண்டு, இது நாடகமில்லை, இந்த ஆள் என் அக்காவை அடிக்கிறான் என்று கத்தினேன். அவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். அவ்வளவு நல்ல வசனம் எனக்கு அதற்கு முன் மேடையில் கிடைத்ததே இல்லை.

அக்கா தன் ஞானத்தாயிடம் போய்ச் சொன்னாள். அந்த மனுசி அந்த யூலையில் எங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருந்தவள். உன் புருஷன் இல்லாவிட்டால் நான் இன்றைக்குச் சாம்பல், அவர் கொஞ்சம் முன்கோபக்காரர், நீதான் பார்த்து நடக்கவேண்டும் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். எல்லோரும் அவருக்கு உயிர்க்கடன்பட்டிருந்தார்கள். அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தது அக்கா. வெளிக்கிட்டு என்னோடு வாருங்கள் என்று கேட்டேன். எங்கே போனாலும் ஷெரிப்பின் பெண்சாதி என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள் என்றாள். ஒருமுறை பஸ் நிலையத்தில் இருந்து அப்படித்தான் கூட்டி வந்தும் விட்டார்கள், மிகவும் மரியாதையாக. நான் மன்றத்தை விட்டுப் போகிறேன் என்றபோது அவள்தான் தடுத்தாள். "மேடையில நீ நிண்டா எனக்குத் தெம்பு தம்பி." அதனால் நான் போய்ப் போய்ச் செத்துக்கொண்டிருந்தேன்.

மட்டக்குளித் திருநாளில் மழை. பந்தலுக்குள்ளும் ஈரம் ஊறி, சீனிப் போத்தல் இளகிவிட்டது. நான் ஓங்கி அடித்தேன், போத்தல் உடையாமல் அவர் தலையில் வளைந்து தொப்பியோடு ஒட்டிக்கொண்டது. அவர் கடிப்பதற்குத் துண்டு தேடினார், நூல் நூலாக இழுபட்டது. மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. என் வாழ்க்கையில் ஷெரிப்பைப் பார்த்துச் சனம் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் காலையில் அவர் அக்காவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, சீனியைப் போட்டுக் காய்ச்சச் சொன்னார். பாகு கொதித்துக் கபிலமானதும், பதம் எப்படியென்று கையை விட்டுப் பார் என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சட்டியைச் சரித்தார். கொதிக்கிற சீனி தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு எரியும். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். சமையலில் நடந்த விபத்து என்று அத்தான் தாதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதி அவரை அடையாளம் கண்டு, கையெழுத்து வாங்கினாள்.

அடுத்த நாடகம் கொட்டாஞ்சேனையிலேயே, எங்கள் மண்டபத்தில். அக்காவின் கையில் கட்டு இன்னும் இருந்தது. போத்தலை வேறு யாராவது செய்யட்டும் என்று மாஸ்டர் சொன்னார், அக்கா விடவில்லை. திரைக்குப் பின்னால் வழக்கம்போல எண்ணெய்க் கடதாசிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காட்சிக்கு முன் போய் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். என்னைக் கடந்து போகும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஷெரிப் உள்ளே வந்தார், கவுண்டரில் முழங்கையை ஊன்றினார், தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். மட்டக்குளிப் பகிடியை அழிப்பதற்காக அந்த முறை வெறுந்தலையில் வாங்கப் போகிறாராம், ஒத்திகையில் சொல்லியிருந்தார். நான் பூனை நடை நடந்து போய்ப் போத்தலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினேன்.

பாரமாக இருந்தது. விரலில் ஒட்டவில்லை. காய்ந்து, குளிர்ந்து, வழுவழுப்பாக இருந்தது. குசினித் தட்டில் நிற்கிற அசல் போத்தல். மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் தவறுதலாக மாறி வைத்திருக்க முடியாது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. சனம் கத்துகிறது. "பின்னால ஷெரிப், பின்னால!" அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். நரை விழத் தொடங்கிய பிடரி எனக்கு முன்னால் ஒரு முழத்தில். கை ஏற்கெனவே மேலே போய்விட்டது. அடிக்கவேண்டும் என்றுதான் இருந்தது, பொய் சொல்லி என்ன. என் பல்லுக்கும் விலாவுக்கும் இல்லை, அந்தச் சட்டிக்கு. பக்கத் திரைக்குள் அக்கா நிற்கிறாள், கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு. அவளைப் பார்த்ததும்தான் எனக்கு மற்றது உறைத்தது. போத்தலை வைத்தது யார் என்று மன்றம் முழுக்கத் தெரியும். பொலிஸ் ஜீப்பில் அவளை ஏற்றுவது கண்ணுக்கு முன்னால் வந்தது. கையைத் திருப்பி, முழுப் பலத்தோடும் கவுண்டரில் அடித்தேன்.

சீனி உடைகிற சத்தம் வேறு, கண்ணாடி உடைகிற சத்தம் வேறு. துண்டுகள் பறந்து அவர் காதைக் கிழித்தன, என் உள்ளங்கையிலும் ஒன்று ஏறியது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஷெரிப் துண்டைக் கடிக்குமுன் திரும்பினார். என் கையில் இருந்த கழுத்தைப் பார்த்தார். பிறகு பக்கத் திரையைப் பார்த்தார். அக்கா பார்வையைத் தாழ்த்தவில்லை. அவருடைய முகத்தில் பயத்தை நான் அன்றுதான் கண்டேன், அந்த யூலையிலும் காணாத பயம். ஆனால் மண்டபம் அவரை விடவில்லை. தாளம் போட்டுக் கை தட்டத் தொடங்கியது, "கடி! கடி! கடி!" என்று. மட்டக்குளியில் சிரித்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டு அவர் சண்டைக்குப் போயிருக்கலாம். முடியவில்லை அவரால். கவுண்டரில் கிடந்த சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்து, வாயில் போட்டு, கடித்தார்.

கறக் என்று கேட்டது. உதட்டோரத்தால் இரத்தம் வந்து நாடி வழியாக வெள்ளைச் சட்டையில் ஒழுகியது. சாயம் என்று நினைத்த சனம் கதிரைகளின்மேல் ஏறி நின்று தட்டியது. அவர் வாயைத் திறக்காமல் என்னை அடித்தார், அந்த அடியில் பலமே இல்லை. "நல்லவன் முதல்ல" என்ற வசனத்தைச் சனம்தான் முழுசாகச் சொன்னது, அவரால் பேச முடியவில்லை. துப்பாக்கியை எடுத்துச் சுட்டார், பொட்டு வெடி வெடித்தது. விழாமல் நிற்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பழக்கதோஷம், விழுந்துவிட்டேன்.

நாக்கில் தையல் போட்டார்கள். போத்தல் தவறுதலாக மாறிவிட்டது என்று அவரே டாக்டருக்கும் மன்றத்துக்கும் சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும்? ஊர் அதையும் பெருமையாக்கிக்கொண்டது. கலைக்காகக் கண்ணாடி தின்றவர் என்று மாலை போட்டார்கள், கேடயம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் குடித்தார். அதோடு அவர் கை அவள்மேல் விழவே இல்லை, ஒரு தரம்கூட. வெள்ளவத்தைக்கு மாறி வந்தபின்னும், சாகிற வரைக்கும், அவள் முதல் வாய் குடிக்காத தேத்தண்ணியை அவர் தொட்டதில்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்து, இந்த வயதிலும் ஒரே கோப்பையில் குடிக்கிறார்கள், என்ன அன்பு என்று உருகிப் போவார்கள்.

நாடகத்தை அவர் விடவில்லை. இன்னும் பல வருடம் சாம்சனாக நின்றார், சற்றுக் கொன்னல் தட்டிய நாக்கோடு. ஒவ்வொரு தரமும் திரை விலகுமுன் என்னிடம் வந்து கேட்பார், "மச்சான், போத்தல் சரியா?" நான் ஒரே பதில்தான் சொல்லுவேன். "அக்காதான் வச்சது." அவர் போய்க் கவுண்டரில் எனக்கு முதுகு காட்டி நிற்பார். சனத்துக்கு அவர் சிரிப்புத் தெரியும். எனக்கு அவருடைய பிடரி தெரியும், அது வியர்த்து நனைந்திருக்கும். எப்போதும் சீனிதான். ஆனாலும் ஒவ்வொரு தரமும் நான் போத்தலை வேண்டிய நேரத்தைவிடச் சற்றுக் கூடவே ஓங்கிவைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது, மறைக்கமாட்டேன்.

போன கிழமை மன்றத்துப் புதிய நிர்வாகிகள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மண்டபத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து ஷெரிப்பின் தொப்பி, பெல்ட், துப்பாக்கி, போத்தல் எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம், அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். அக்கா தொப்பியையும் மற்றதையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கொடுத்தாள். போத்தலைப் பிறகு பார்ப்போம் என்றாள். அவர்கள் போனபின் அலுமாரியைத் திறந்து, சீலைத் தலைப்பால் அந்தக் கழுத்தைத் துடைத்தாள். முழங்கை வரைக்கும் சுருங்கிக் கிடக்கிற அந்தத் தோலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கு ஏன் கவுண்டரில அடிச்சனீ?" என்று கேட்டாள். அத்தனை வருடமும் நாங்கள் இதைக் கதைத்ததே இல்லை.

"உங்களப் பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள் அக்கா. வச்சது நீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

"ஒருத்தரும் பிடிச்சிருக்கமாட்டினம்." அவளுக்குக் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. "நாடகம் எண்டு கை தட்டியிருப்பினம். எனக்கு அடி விழேக்கையும் தட்டினவைதானே."

நாக்கு தானாக அந்தப் பல் இல்லாத இடத்தைத் தேடிப் போனது. கட்டுரையில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நடந்ததை எழுது என்றாள். போத்தலை அவர்களுக்குக் கொடுப்பதா என்றும் கேட்டேன். அவள் அதை யேசுவுக்கும் கேடயங்களுக்கும் நடுவில், முன்பு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தொப்பி அவரின்ர. குடுத்திட்டன்" என்றாள். "இது என்ர."

பிறகு குசினிக்குள் போய் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்து, ஒன்றை என்னிடம் தந்துவிட்டுத் தன்னுடையதைக் குடிக்கத் தொடங்கினாள்.